‘வைங்க’ என்று மட்டும் சொன்னவன்

‘படகுக்காரி’ என்கிற கேமை நான் விளையாடி முடித்த அன்று தம்பி பக்கத்தில் இருந்தான். கொழும்பில் ஃபோன் கடை ஒன்றில் வேலை செய்கிறவன், ஆகஸ்ட் லீவுக்கு வந்திருந்தான். அவன் பாவித்துக் கழித்த லேப்டாப்பில்தான் நான் விளையாடுவது. கதை பெரிதாக ஒன்றுமில்லை. ஆற்றில் தோணி தள்ளிப் பிழைக்கிற ஒருத்தியின் ஊரை ஒரு கப்பல் கேப்டன் கொளுத்திவிட்டுப் போய்விடுகிறான். அவள் துடுப்பை மட்டும் எடுத்துக்கொண்டு தீவு தீவாக அவனைத் தேடிப் போகிறாள். கடைசித் தீவில் அவன் ஒரு கண் தெரியாத கிழவனாக உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருக்கிறான். அப்போது திரையில் இரண்டு பட்டன்கள் வரும். ஒன்று துடுப்பைக் கீழே போட. மற்றது ஓங்க.

“கீழ போடுங்கக்கா,” என்றான் தம்பி. “மன்னிச்சாத்தான் நல்ல முடிவு வரும். வெயில் அடிக்கும், பாட்டு எல்லாம் போகும். நான் பார்த்திருக்கேன்.”

நான் ஓங்கினேன்.

“என்னாக்கா நீங்க! டீச்சர்தானே நீங்க?”

டீச்சர்தான். தோட்டப் பாடசாலையில் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். இரண்டு பேர் அடித்துக்கொண்டால் கூப்பிட்டு நிறுத்தி, கைகொடுக்கச் சொல்லி, சிரிக்க வைத்து அனுப்புகிறவள். ஆனால் அன்று என் விரல் ஒரு நிமிடம்கூடத் தயங்கவில்லை. கிழவன் சாய்ந்தான். மழை பெய்தது. பாட்டு இல்லாமல், கேமைச் செய்தவர்களின் பெயர்கள் மட்டும் மெதுவாக மேலே போயின. எனக்கு அந்த அமைதி பிடித்திருந்தது.

கேமைப் பற்றிச் சொல்வதென்றால், கடலை அருமையாக வரைந்திருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் மூடுபனி கலைகிறபோது தேயிலை மலை ஒரு பச்சை நிறத்தில் தெரியுமே, அந்த நிறத்தைத் தண்ணீரில் கொண்டுவந்திருக்கிறார்கள். சண்டைகள்தான் சலிப்பு, ஒரே அடி, ஒரே உதை. கடைசியில் கிழவனுக்கு ஒரு பேத்தியைக் கொண்டுவந்து நிறுத்தி நம் மனதைக் கரைக்கப் பார்த்தது மலிவான வேலை. ஊரைக் கொளுத்தியவனுக்குப் பேத்தி இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? செத்துப்போன ஊர்க்காரர்களுக்கும் பேத்திகள் இருந்திருப்பார்கள்.

தம்பிக்கு இதை விளக்க முடியவில்லை. விளக்குவதென்றால் மே மாதம் என்னைப் பெண் பார்க்க வந்த நாளிலிருந்து தொடங்கவேண்டும். அன்று அவன் கொழும்பில் இருந்தான்.

தரகர் கொண்டுவந்த சம்பந்தம் அது. மாப்பிள்ளைக்கு ஹட்டனில் தனியார் கம்பெனி ஒன்றில் வேலை. அவர்களுக்கு டவுனில் சொந்தமாக ஹார்ட்வெயார் கடை, மாடி வீடு. நாங்கள் லிந்துலையிலிருந்து ஆட்டோ பிடித்து ஏறிவரவேண்டிய ஒரு தோட்டத்தில், லயத்தில் இருக்கிறோம். வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கும் காம்பரா வீடுகளில் எங்களுடையது கடைசி. அம்மா இன்னும் தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகிறார். அப்பா ஃபெக்டரியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். இதையெல்லாம் தரகரிடம் நாங்கள் மறைக்கவில்லை. அவர்களும் தெரிந்துதான் வந்தார்கள்.

அன்று காலையிலிருந்து மழை. அப்பா தலவாக்கலைக்குப் போய் கேக்கும் ரோல்ஸும் வாங்கி, நனையாமல் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தார். அம்மா பக்கத்துக் காம்பராவிலிருந்து புதுக் கோப்பைகளைக் கேட்டு வாங்கினார். அவர்கள் வந்தபோது, உட்காருவதற்கு முன்பே மாப்பிள்ளையின் அம்மா கைக்குட்டையை எடுத்துக் கதிரையைத் துடைத்தார். எங்கள் அம்மா துடைத்து வைத்த கதிரை அது.

“பாத்ரூம் வெளியிலயா?” என்று கேட்டார்.

“ஆமாங்க. பின்னால,” என்றார் அம்மா.

“மழைக்கு என்ன செய்வீங்க?”

“குடை இருக்குங்க.”

அந்தம்மா சிரித்த சிரிப்பு இன்னும் எனக்குத் தெரிகிறது. உதடு மட்டும் அசைந்த சிரிப்பு. பிறகு சுவரைப் பார்த்தார், கூரைத் தகரத்தைப் பார்த்தார், கட்டிலுக்குக் கீழே அடுக்கியிருந்த பெட்டிகளைப் பார்த்தார். “இன்னுமா இப்படி இருக்கீங்க?” என்றார். இத்தனைக்கும் அவர் பிறந்ததே வட்டவளையில் ஒரு லயத்தில்தான். அவருடைய தாயும் கொழுந்து எடுத்தவர்தான். எங்கள் அம்மாவுக்கு அது தெரியும். ஆனாலும் ரோல்ஸ் தட்டைத்தான் அந்தம்மா பக்கம் நகர்த்தினார்.

மாப்பிள்ளை ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். மரியாதைக்கு ‘உட்கார்ந்திருந்தார்’ என்று எழுதலாம். எழுத மாட்டேன். எங்கள் காம்பராவில் சிக்னல் வருகிற இடம் அந்த ஜன்னல் ஒன்றுதான். வந்த உடனேயே அதைக் கண்டுபிடித்துக்கொண்டான். நான் தட்டோடு போய் அவன் முன்னால் குனிந்தேன். அவன் கையில் ஃபோன் படுக்கைவாட்டில் இருந்தது. திரையில் ஒரு சிவப்பு ஜீப் மலைப்பாதையில் பறந்துகொண்டிருந்தது. மேலே அவனுடைய ஆட்டப் பெயர், பெரிய இங்கிலீஷ் எழுத்தில். டீ எடுங்க என்றேன்.

“வைங்க,” என்றான்.

தலை நிமிரவில்லை. அன்று முழுக்க அவன் என்னிடம் பேசியது அந்த ஒரு வார்த்தைதான். என் முகத்தை அவன் பார்க்கவே இல்லை. அவனுடைய அம்மா கோப்பையைத் தொடவும் இல்லை. அவர்கள் போனபிறகு டீ ஆடை படிந்து கிடந்தது.

இரண்டு நாளில் தரகர் ஃபோன் பண்ணினார். “பொண்ணைப் பத்தி ஒரு குறையும் இல்லைங்க. படிச்ச பிள்ளை. லயத்து வீட்டில இருந்து எடுக்கத்தான் கொஞ்சம் யோசிக்கிறாங்க.” அப்பா ‘சரிங்க, சரிங்க’ என்று ஏதோ தப்புச் செய்தவர்போலக் கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சுண்ணாம்பும் மட்டையும் வாங்கிவந்து, யாரையும் கிட்ட விடாமல், தனியாக நின்று காம்பரா முழுக்க வெள்ளையடித்தார். ஓய்வு பெற்ற மனுஷன், ஸ்டூலில் ஏறி நின்று, அந்தம்மா பார்த்த சுவரை மட்டும் இரண்டு தடவை அடித்தார். அப்பாவின் முதுகைப் பார்த்துக்கொண்டே நான் என் ஃபோனில் அந்த ஜீப் கேமைத் தேடி எடுத்தேன்.

அவனுடைய அம்மாவை நான் ஒன்றும் செய்ய முடியாது. ஹட்டனுக்குப் போய்க் கடை வாசலில் நின்று கத்தினால் எனக்குத்தான் கெட்ட பெயர். ஆனால் அவன் எங்கே மூச்சுவிடுகிறான் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது.

அந்தக் கேம் மலைப்பாதையில் ஜீப் ஓட்டுகிற பந்தயம். தனியாகவும் ஓடலாம், டீமாகச் சேர்ந்து மற்ற டீம்களோடு மோதவும் செய்யலாம். ஒவ்வொரு டீமுக்கும் ஒரு லீடர். யார் ஓடுவது, யாரைச் சேர்ப்பது, யாரை நீக்குவது எல்லாம் அவர் கையில். அன்று திரையில் பார்த்த அவனுடைய ஆட்டப் பெயரைத் தேடிப் பார்த்தேன். ஒரு டீமுக்கு லீடராகவே இருந்தான். நாட்டின் முதல் வரிசையில் இருக்கிற டீம்.

ஆரம்பத்தில் நான் வளைவுக்கு வளைவு பள்ளத்தில் விழுந்தேன். ஃபோனைத் தூக்கி மெத்தையில் எறிந்த நாட்களும் உண்டு. பிறகு பிடிபட்டது. வளைவுக்குள் போனபிறகு பிரேக் போட்டால் செத்தோம். முன்னாலேயே வேகத்தைக் குறைத்து, திரும்பும்போது மிதிக்கவேண்டும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஜன்னலுக்குப் போய்விடுவேன். கொப்பி திருத்துவதை ஃபோனை சார்ஜில் போட்டிருக்கிற நேரத்தில் செய்தேன். ஆகஸ்ட் லீவு முடிவதற்குள் அவனுடைய டீமில் சேர்வதற்கான தகுதி வந்துவிட்டது. ஒரு பறவையின் பெயரை வைத்துக்கொண்டு சேர்ந்தேன். என்னை ஆண் என்று அவர்களாகவே நினைத்துக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை.

இங்கேதான் நான் எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. அவன் நல்லவனாக இருந்தான்.

டீமின் சாட்டில் அவன்தான் உயிர். தோற்றவனைத் திட்டமாட்டான். “பரவாயில்ல மச்சான், அடுத்த வாரம் பார்ப்போம்,” என்று எழுதுவான். புதிதாக வந்தவர்களுக்கு எந்த வளைவில் எப்படித் திரும்புவது என்று பொறுமையாக வரி வரியாக எழுதுவான். கினிகத்தேனையில் ஆட்டோ ஓட்டுகிற ஓர் அண்ணன் டீமில் இருந்தார். அவருடைய மகளுக்குக் காய்ச்சல் என்று எழுதியபோது மூன்று நாள் விடாமல் விசாரித்தான். பகிடி விடுவான். எனக்கே இரண்டு தடவை சிரிப்பு வந்துவிட்டது.

இதைப் பார்த்து என் கோபம் தணிந்தது என்று யாராவது நினைத்தால், அவர்கள் என்னை அறியாதவர்கள். கோபம் இரண்டு மடங்கானது. பேசத் தெரியாத ஆளாக இருந்திருந்தால் விட்டிருப்பேன். இவனுக்குப் பேசத் தெரியும். விசாரிக்கத் தெரியும். முகம் தெரியாத ஆட்டோக்காரரின் பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா என்று கேட்கத் தெரியும். தன் அம்மா எங்கள் கதிரையைத் துடைத்தபோது ‘சும்மா இருங்கம்மா’ என்ற ஒரு வார்த்தைதான் வரவில்லை.

நான் நன்றாக ஓட்டினேன். வெறியோடு ஓட்டினேன். அவன் என்னைத் துணை லீடர் ஆக்கினான். “மச்சான், நீ வந்த பிறகுதான் நம்ம டீமுக்கு இந்த வருஷம் கப்பு கிடைக்கும்னு நம்பிக்கை வந்திருக்கு,” என்று எழுதினான். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து அவன் கட்டிவந்த டீம் அது என்றும், கம்பெனி வேலை பிடிக்கவில்லை, வீட்டில் யாரோடும் பேச்சில்லை, இது ஒன்றுதான் தனக்கென்று இருக்கிறது என்றும் எழுதினான். நான் ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பினேன்.

சீசனின் இறுதிப் பந்தயம் நவம்பரில் வந்தது. அந்த வாரம் அவனைக் கம்பெனியிலிருந்து கொழும்புக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். பகலில் ஃபோன் பார்க்க முடியாது, ஆட்களை ஒழுங்குபண்ண நேரம் இருக்காது, சனிக்கிழமை பந்தயத்துக்கு மட்டும் எப்படியும் வந்துவிடுவேன், அதுவரை நீ பார்த்துக்கொள் என்று எழுதி, லீடர் பதவியை என்னிடம் மாற்றிவிட்டான்.

சனிக்கிழமை காலை. அம்மா அடுப்படியில் அரிசி களைந்துகொண்டிருந்தார். நான் ஜன்னலில் உட்கார்ந்து அவனுக்குத் தனியாக எழுதினேன்.

“மே மாசம் லிந்துலைக்குப் பொண்ணு பார்க்க வந்தீங்கதானே? அந்தப் பொண்ணு நான்தான்.”

பதில் வந்தது.

“எந்தப் பொண்ணு?”

அதை நான் நினைத்திருக்கவில்லை. மாதக்கணக்காக நான் மனதில் எழுதிப் பார்த்த பதில்களில் இது இல்லை. அதிர்ச்சியாவான், மன்னிப்புக் கேட்பான், கோபப்படுவான் என்றெல்லாம் நினைத்திருந்தேன்.

“மழை பேஞ்ச நாள். உங்க அம்மா கைக்குட்டையால கதிரையத் தொடச்சாங்க. டீயத் தொடவே இல்ல. நீங்க ஜன்னல்கிட்ட இருந்து கேம் விளையாடினீங்க.”

“ஓ. அதா. நாலஞ்சு இடம் போனோம், எனக்கு ஞாபகம் இல்ல. அம்மாதான் எல்லாம் பார்த்தாங்க. அன்னைக்கு எனக்கு செமி ஃபைனல்.”

அதற்குக் கீழே, “சாரி. நீங்க கேர்ளா? ரேஸ் முடிஞ்சதும் பேசுவோமா?” என்று கேட்டிருந்தான்.

“ரேஸ் உங்களுக்கு முடிஞ்சிடுச்சு,” என்று எழுதி, நீக்கு என்கிற பட்டனை அழுத்தினேன். நிச்சயமா என்று கேம் ஒரு தடவை கேட்டது. நிச்சயம் என்றேன்.

டீமின் சாட் கலவரமானது. லீடரை ஏன் நீக்கினீங்க, ஹேக் ஆயிடுச்சா என்று ஆளுக்கு ஆள் கேட்டார்கள். நான் மறைக்கவில்லை. நான் ஒரு பொம்பளை, இன்ன தோட்டத்து லயத்தில் இருக்கிறேன், இப்படி இப்படி நடந்தது என்று முழுதாக எழுதினேன். இரண்டு மூன்று பேர் திட்டிவிட்டு வெளியேறினார்கள். கினிகத்தேனை அண்ணன் மட்டும் நீளமாக எழுதினார். “தங்கச்சி, நானும் லயத்துல பொறந்தவன்தான். எம் பொஞ்சாதி வீட்டுல எனக்கும் இப்படி நடந்திருக்கு. ஆனா இன்னைக்கு மத்தியானம் ரேஸ் இருக்கு. மொதல்ல அதப் பார்ப்போம். யாரு அவரோட எடத்துல ஓடுறது?”

நான்தான் ஓடினேன். கடைசிச் சுற்றில், பனி மூடிய வளைவில், எதிர் டீமின் மஞ்சள் ஜீப்பை உள்பக்கமாக வெட்டி முந்தினேன். ஜெயித்தோம். திரையில் கப்பும் பட்டாசும் வந்தன. அம்மா எட்டிப் பார்த்து, “என்ன சத்தம்?” என்றார். ஒன்றுமில்லை என்றேன். அன்றைக்குச் சோறு எனக்கு அப்படி ருசித்தது.

அவனை நான் பிளாக் பண்ணியிருந்தேன். வேறு ஒரு கணக்கிலிருந்து தினமும் எழுதினான். முதலில் கோபமாக. பிறகு கெஞ்சி. “நான் செஞ்சது தப்புதான். மன்னிச்சிருங்க. டீமுக்குத் திருப்பி எடுங்க. அது என் டீம்.”

“என்கிட்ட கேட்டு என்ன செய்ய? எங்க அம்மாகிட்ட வந்து கேளுங்க,” என்று எழுதினேன். வரமாட்டான் என்றுதான் நினைத்தேன்.

வந்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பஸ்ஸில் வந்து இறங்கி, மேலே நடந்தே ஏறி, சப்பாத்தெல்லாம் சேறாக வந்து நின்றான். அப்பா கோயில் கூட்டத்துக்குப் போயிருந்தார். அம்மா வாசலில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தார். பார்த்த உடனே அடையாளம் கண்டுகொண்டார்.

“ஹட்டன் தம்பிதானே? வாங்க.”

உள்ளே வந்து கதிரை நுனியில் உட்கார்ந்தான். இந்தத் தடவை ஃபோன் பொக்கட்டில் இருந்தது.

“அம்மா… அன்னைக்கு நாங்க வந்தப்ப சரியில்லாம நடந்துக்கிட்டோம். அதுக்கு மன்னிப்புக் கேக்கலாம்னு…”

“நாங்கன்னா யாருப்பா?” என்றார் அம்மா.

“அம்மாவும் நானும்.”

“உங்க அம்மா வந்திருக்காங்களா?”

“இல்லைங்க.”

“நீங்க வந்தது அவங்களுக்குத் தெரியுமா?”

அவன் தலையைக் குனிந்தான். தெரியாது.

“அப்ப ஒங்க பங்க மட்டும் சொல்லுங்க. அவங்க பங்க அவங்க வந்து சொல்லட்டும்.”

நான் அடுப்படிக் கதவில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தேன். எங்கள் அம்மா யார் என்ன செய்தாலும் ‘பரவாயில்லைங்க’ என்று சொல்லியே பழகியவர். கங்காணி ஏசினாலும், பஸ்ஸில் காலை மிதித்தாலும் அதுதான் வரும். அவன் தடுமாறித் தடுமாறிச் சொல்லி முடித்தான். நான் அந்த வார்த்தைக்காகக் காத்திருந்தேன். அம்மா சொல்லவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவனுக்குக் காது சிவந்தது.

“சரி. டீ குடிச்சிட்டுப் போங்க,” என்றார் கடைசியில்.

நான் கொண்டுபோய் நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கினான். முகத்தைப் பார்த்தான். அப்போதுதான் முதல் தடவையாக என்னைப் பார்க்கிறான் என்பது தெரிந்தது. வெளியே அனுப்பும்போது மெதுவாகக் கேட்டான்.

“இப்ப டீமுக்கு எடுப்பீங்கதானே?”

“அம்மாகிட்ட வந்து கேளுங்கன்னுதான் சொன்னேன். எடுக்கிறேன்னு சொல்லலையே.”

“அப்ப எதுக்கு இவ்வளவு தூரம் வரச் சொன்னீங்க?”

“கேக்க வேண்டியது அவங்ககிட்டதானே. கேட்டுட்டீங்க. பார்த்துப் போங்க, பாதை வழுக்கும்.”

அவன் கோபத்தோடு இறங்கிப் போனான். ஒரு இடத்தில் வழுக்கி, தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் சிரித்தேன். அவனுக்குக் கேட்டிருக்கும்.

“என்ன டீமு?” என்று அம்மா கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தார், மிளகாய்க் கையால் அதைத் துடைக்காமல் இருக்கப் பாடுபட்டார். “அதுக்குத்தான் ஜன்னலே கதின்னு கெடந்தியா? நான் நீ எவனையோ விரும்புறன்னு நெனச்சு, ஒங்க அப்பாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு பயந்துக்கிட்டு இருந்தேன்!”

தம்பி ஃபோனில் கேட்டுவிட்டு, “கடைசியில ரெண்டு பேருக்கும் கல்யாணம்தான் நடக்கப்போகுது, பாருங்க,” என்று பகிடி பண்ணினான். இது அப்படிப்பட்ட கதை இல்லை. அவன் வந்து கேட்டது டீமுக்காக. நானும் அவனை மன்னிக்கவில்லை. அவனுடைய அம்மா வரவும் இல்லை, வரப்போவதும் இல்லை.

கதை இருக்கிற கேம்களை முடித்தால் மூடிவைத்துவிடலாம். இந்த ஜீப் கேமுக்கு முடிவே கிடையாது. ஒரு சீசன் போனால் அடுத்தது வரும். ஜனவரியில் அவன் புது டீம் ஒன்றைத் தொடங்கிவிட்டான். எங்களிடமிருந்து வெளியேறியவர்கள் அவனோடு போய்ச் சேர்ந்தார்கள். இப்போது அநேகமாக ஒவ்வொரு சனிக்கிழமை மத்தியானமும் எதிரும் புதிருமாக நிற்கிறோம். சாட்டில் ஒரு வார்த்தை பேசுவதில்லை. அவனும் முன்பைவிட நன்றாக ஓட்டுகிறான், ஆத்திரம் அவனுக்கும் கைகொடுக்கிறது போலிருக்கிறது. போன வாரம் கடைசி இறக்கத்தில் என்னைச் சுவரோடு தள்ளிவிட்டு ஜெயித்தான். இரண்டு நாள் எனக்கு யாரோடும் முகம்கொடுத்துப் பேச முடியவில்லை.

அந்த இறக்கத்தை இந்த வாரம் முழுக்க ஓட்டிப் பார்த்துவிட்டேன். அவன் வலது பக்கம் கொஞ்சம் இடம் விட்டுத்தான் திரும்புகிறான். ஒரு ஜீப் நுழைகிற இடம்.